நிறம்: மற்றவை

ஒரு தாளுக்கு நாலு ரூபாய்.
நாளுக்கு நூற்றைம்பது தாள் முடித்தால்
பெரம்பூர் வாடகைக்கு ஆகும்.
ஏசி ஓடுவது செடிகளுக்காக,
உங்களுக்காக இல்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எடு. தூசு தட்டாதே, ஊது.
ஊதாதே, சவ்வீரம் பூசியிருக்கிறது.
முகமூடி போடு. பார்கோடு ஒட்டு.
விளக்கு ஒருமுறை தாளை நக்கிக்கொண்டு போகும்.
அடுத்தது.

ஞானாதிக்கம் என்பவர் சேகரித்தவை
மூன்று அலமாரி.
ஆனைமலைச் சோலை, ஐயாயிரத்து எண்ணூறு அடி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, ஆகஸ்ட்.
கறுப்பு மையில் இலத்தீன் பெயர்,
கீழே ஆங்கிலம், சட்டப்படி.
பாசியோ பெரணியோ மரமோ
எல்லாச் செடிக்கும் இப்போது ஒரே நிறம்:
ஆறிப்போன டீ.

காசித்தும்பை இனத்தைக் காயவைப்பது
நீரைக் காயவைப்பதுபோல.
இதழ் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
பிரித்தால் கறைதான் மிஞ்சும்.
அவருக்கு அது தெரிந்திருக்கிறது.
தாளின் ஓரத்தில், பென்சிலில்,
யாருக்கும் காட்டுவதற்கில்லாத பொடித் தமிழில்
எழுதிவைத்திருக்கிறார்:
"வெந்த இறால்."

அன்று நான் ஒன்பது தாள் பின்தங்கினேன்.

அடுத்ததில்: "எஸ்பிளனேடு டிராம் சீட்டு, அரையணாவுடையது."
அதற்கடுத்ததில்: "கூவம், மழைக்கு மறுநாள்."
இராமபாணப் பூச்சி பாதி தின்ற ஒன்றில்:
"சலோமியின் சேலை. கோயிலுக்குக் கட்டுவது அல்ல, மற்றது."

அத்தனை உயரத்தில்,
பனி சட்டைக்குள் இறங்கும் காட்டில்,
காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டு
மனிதர் இந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
பூவுக்குப் பெயர் வைக்க இலத்தீன் போதும்.
நிறம் சொல்ல
மீன் கடைக்கு வரவேண்டியிருக்கிறது.

டிராம் நின்று எழுபது வருடத்துக்கு மேல்.
சீட்டு மஞ்சளா ஊதாவா
கேட்க ஆளில்லை.
அந்தப் பூ இரண்டு முறை உலர்ந்துவிட்டது.
சலோமியின் மற்றச் சேலையைப் பற்றி
என்ன சொல்ல.

கணினியில் 'நிறம்' என்ற கட்டத்தைத் தொட்டால்
ஏழு சொற்கள் கீழே விழும்,
கடைசியில் 'மற்றவை.'
மேற்பார்வையாளர் நவநீதன் தோளுக்குப் பின்னாலிருந்து,
"இளஞ்சிவப்புன்னு போட்டுட்டுப் போங்க மேடம்,
எறான்னு எவன் தேடப் போறான்?"
நியாயம்தான்.
கூவம் என்று தேடி
ஒரு பூவைக் கண்டுபிடிக்கிறவன்
இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

வழியில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன்.
கால் கிலோ. ஓடு உரிக்கவேண்டாம் என்றதும்
கடைக்காரம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள்.
தண்ணீர் கொதித்தது, போட்டேன்.
முதலில் சாம்பல், அதில் கொஞ்சம் பச்சை,
ஈரப் பாறை மாதிரி.
பிறகு வால் ஓரத்தில் தொடங்கியது.
பிறகு முதுகு வளைவில்.
அதை எதுவென்று சொல்ல
எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை;
அவருக்கும் கிடைத்திருக்காது.
அடுப்பை அணைத்துவிட்டு
ஆவியில் நின்றிருந்தேன், மூன்றாவது மாடியில்,
ஐயாயிரத்து எண்ணூறு அடியில்.

குழம்பில் புளி கூடிப்போனது வேறு கதை.

மறுநாள் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் தாள்.
தண்டு, இரண்டு இலை, கறையாகிப்போன ஒரு பூ.
பெயருக்கான இடம் காலி.
பென்சில் எழுத்து ஈரத்தில் கலங்கியிருந்தது,
எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன்:
"மழை. விளக்கு அணைந்துவிட்டது.
நிறம் காலையில்."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.
அடுத்த தாள் நவம்பர்,
வேறு மலை, வேறு செடி.

சொடுக்கினேன், ஏழு சொற்கள் விழுந்தன.
நவநீதன் டீ குடிக்கப் போயிருந்தார்.
'மற்றவை' என்று போட்டு, பக்கத்துக் கட்டத்தில்
"காலையில்" என்று தட்டினேன்.

நாலு ரூபாய்.