பச்சைத்தண்ணி

ஞாயிறு மத்தியானம்
ஆனையூர் வீட்டு வாசலில் வைத்து
நானேதான் மாற்றினேன்.
பழசு இறங்கியது,
டீக்கடையில் கிளாஸ் கழுவின தண்ணி நிறத்தில்.
புதுசு பச்சை.
இனிக்கும், ஆனால் விஷம் என்று
சொல்லித்தான் கொடுத்தான் கடைக்காரன்.
மேல்வீட்டுப் பூனை எட்டிப் பார்த்ததும்
சட்டியை முறத்தால் மூடிவிட்டு
போல்ட்டை முடுக்கினேன்.
செம்பு வாஷர், பன்னிரண்டு ரூபாய்.
கழுத்து வரைக்கும் ஊற்றினேன்.
லேபர் முந்நூறு மிச்சம் என்று
மனைவியிடம் பெருமை பேசினேன்.
வண்டி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

திங்கள் காலை
திருமங்கலத்தில் பதினோரு பேர் ரத்தம்,
திருநகரில் நாலு பேர்.
எல்லாம் ஐஸ் பெட்டியில், எட்டு டிகிரிக்குள்.
பழங்காநத்தம் தாண்டுகையில்
மீட்டரில் சிவப்பு விளக்கு.
முதுகில் குளிர், முழங்காலில் கொதி,
நடுவில் நான், மாதச் சம்பளத்துக்கு.

ஓரங்கட்டினேன்.
ஃபேன் ஓடவில்லை.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் காட்டினேன்,
கம்பி முழுசாக இருந்தது.
சாக்கெட்டை அமுக்கினேன்,
அது ஏற்கெனவே இறுக்கம்.
கீழே ஒரு சொட்டு இல்லை.
ரிசர்வ் டப்பாவில் கோட்டுக்குச் சரியாக
எனக்கென்ன என்று நிற்கிறது பச்சை.

ஒச்சப்பனுக்கு போன் போட்டால்
ஜாதகம் பார்ப்பவன்போல்
கட்டம் கட்டமாகச் சொன்னான்:
தெர்மோஸ்டாட் சரியில்லை,
பம்ப் பார்வை சரியில்லை,
ஹெட் கேஸ்கட்டுக்கு நேரம் சரியில்லை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம்,
ஒவ்வொரு பரிகாரத்துக்கும் ஒரு விலை.

குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
இன்ஜின் தோசைக்கல்.
ரேடியேட்டர் மண்பானை.
ஒரே சுவரில் வீடு கட்டிக்கொண்டு
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.

அணைத்து, ஓட்டி, அணைத்து
அண்ணா நகர் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தேன்.
பெட்டியை லேபில் வைத்துவிட்டுத் திரும்பினால்
வராந்தாக் கட்டிலில் ஒருவருக்கு
டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார் அமலோற்பவம் சிஸ்டர்.
குழாயில் ஒரே ஒரு குமிழி.
நகத்தால் இரண்டு சுண்டு.
"அது மேலதான் போகும், பயப்படாதீங்க."
அவரிடம் சொன்னது. என்னிடம் அல்ல.

கழுத்து வரைக்கும் ஊற்றினேன், சரி.
அடிவயிற்றில் என்ன இருந்தது?
விளக்குக்குச் சொல்லும் சென்சார் ஹெட்டில்.
ஃபேனுக்குச் சொல்லும் சுவிட்ச் ரேடியேட்டரில்.
இடையில் ஒரு பிடி காற்று
வழிமறித்து உட்கார்ந்திருந்தால்
கொதிப்பவன் கொதிக்க வேண்டியதுதான்,
விசிறுகிறவனுக்குத் தகவலே போகாது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டேன்.
சூட்டில் மூடியைத் திறந்தவன் முகத்தை
இதே ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.
பிறகு, ஸ்ட்ரெச்சர் ஏறும் சரிவில்
முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன்.
செக்யூரிட்டி கார்மேகம் ஓடி வந்தார்:
"ஏப்பா, பேஷண்ட் வர்ற வழி!"
"இதுக்கும் காய்ச்சல்தான்ணே."
"டோக்கன் போட்டியா?"

மூடியைக் கழற்றி, ஐடிலில் விட்டு,
ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன்.
முதலில் கடுகு மாதிரி குமிழிகள்.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம்,
விருந்தில் பெரிய மனுஷன் விடுகிற ஏப்பம்போல
ஒன்றே ஒன்று.
பச்சை சரசரவென்று உள்ளே இறங்கி
கண்ணுக்கே தெரியாமல் போனது.

மிச்சம் வைத்திருந்ததை ஊற்ற ஊற்றக் குடித்தது.
"பேசாம பச்சைத்தண்ணி ஊத்தவேண்டியதுதானே?"
"இதுவும் அதுதான்ணே, விலை மட்டும் வேற."
மூடியைத் திருகி நிமிர்ந்து
காத்திருந்தோம், நானும் அவரும்.
ரேடியேட்டர் மெல்லச் சுட்டது.
விர்ரென்று எடுத்தது ஃபேன்.
முன்னால் நின்ற கார்மேகம் துள்ளி விலகினார்:
"ஃபேன்னா குளுகுளுன்னு அடிக்கணும்ல?"

பாட்டிலின் அடியில் நின்ற கொஞ்சத்தை
சிஸ்டரிடம் கேட்டு வாங்கிய
சாம்பிள் டப்பாவில் அடைத்தேன்.
லேபிளில் பெயர் எழுதவில்லை.
வயது: ஆறு.
குறிப்பு: குடிக்காதே.

செவ்வாய் காலை, வண்டி ஆறிக் கிடக்கையில்
திறந்து பார்த்தேன்.
ஒரு விரல் இறங்கியிருந்தது.
ஊற்றிவிட்டுக் கிளம்பினேன்.
வீட்டில் எதுவும் சொல்லவில்லை;
முந்நூறு மிச்சம் என்பது
இன்றைய தேதி வரை உண்மை.