வால் உருகிய ஆறு

நாலு நாள் தண்ணீர் வராதென்று
லிஃப்ட் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள்.
மூன்றாம் நாள் இரவு
லாரிக்கு வரிசை நின்று
இரண்டு வாளி பிடித்துத் திரும்பினால்
லிஃப்ட்டும் நின்றிருந்தது.

செந்தூலில் என் வீடு பதினோராம் மாடி.
ஏழாவதில் ஒரு வாளியை வைத்துவிட்டு ஏறினேன்.
மறுபடி இறங்கியபோது
வாளி இருந்தது.
அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீரை
யாரோ மனசு கேட்காமல் விட்டுப்போயிருந்தார்கள்.

அந்த விரற்கடையில்தான் ஆரம்பித்தேன்.

ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர்,
மூன்று பேர், மூன்று நாள்:
முப்பத்தாறு.
நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
மொத்தமாய் வாங்கச் சம்பளத் தேதி சம்மதிக்கவில்லை.
வாரத்துக்கு இரண்டு போத்தல், ஒன்றரை லிட்டர்.
பன்னிரண்டு வாரத்தில்
கட்டிலடியில் ஒரு குளம்
மூடி போட்டுப் படுத்திருந்தது.

"போரா வரப்போகுது?" என்று சிரித்தார் சத்தியசீலன்.
"போரில்லை. படிக்கட்டு" என்றேன்.
அந்த இரவு அவர் வேலையில் இருந்தார்,
அவருக்கு என் முழங்கால் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது.
எட்டு டின் சார்டின்.
பிஸ்கட், பிள்ளை கண்ணில் படாத உயரத்தில்.
லோஷினியின் இன்ஹேலர் ஒன்று கூடுதலாய்,
பிறப்புப் பத்திரத்தோடு
ஒரே பிளாஸ்டிக் உறையில்.
எல்லாம் ஆயிற்று என்று நினைத்த
ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு
மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.

விடியும்வரை விளக்கில்லை, குழாயில்லை, போனில்லை.
"மீன் கெட்டுப்போகும்" என்றார்.
கெடட்டும், அதுவும் கணக்கில் சேரும்.

டார்ச்சைத் திறந்தால்
பேட்டரி பச்சையாய்க் கசிந்து காய்ந்திருந்தது.
மெழுகுவர்த்தி என்று வீட்டில் கிடைத்தது
லோஷினியின் போன பிறந்தநாள் கேக்கிலிருந்து ஒரு ஆறு.
அந்த ஆற்றின் வெளிச்சத்தில்
எட்டு டின்னையும் தடவித் தடவிப் பார்த்தோம்.
ஒன்றிலும் இழுக்கும் வளையம் இல்லை.
டின் ஓப்பனர்
எங்கள் வீட்டில் எப்போதுமே இருந்ததில்லை.

எதிர்வீட்டைத் தட்டினேன்.
கதவைத் திறந்த கக் நோராய்னியின் பின்னால்
மின்விசிறி சுற்றியது, டிவி பேசியது.
"உங்க வீட்டுல மட்டுமா கரண்ட் போச்சு?"
நான்தான் நிறுத்தினேன் என்பதை
எனக்குத் தெரிந்த மலாயில் சொல்வதற்குள்
காது சூடாகிவிட்டது.
அவர் சிரிக்கவில்லை.
ஓப்பனரோடு ஒரு தட்டுச் சோறும் எடுத்துக்கொண்டு
இருட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

சாப்பிட்ட கையோடு கேட்டேன்:
"லோஷினி, அப்பா நம்பர் சொல்லு."
அணைந்த போனைப் பார்த்தாள்.
சரி, நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.
பதினாலு வருஷக் கல்யாணம்.
சைபருக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அவருக்கும் என்னுடையது தெரியாது.
அதில் ஒரு அற்பத் திருப்தி.

வாய்ப்பாட்டு ராகத்தில் தொடங்கினோம்.
சைபர், ஒன்று, ஆறு...
நோராய்னியும் தன் மகன் எண்ணை
விரல்விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.
ஆறின் வால் உருகி
அடிவட்டம் மட்டும் மிஞ்சி
மேசையில் அது சைபராய் நின்றபோது
லோஷினிக்கு இரண்டு எண்களும் மனப்பாடம்.

காலையில் நோட்டில் எழுதினேன்:
பேட்டரி. ஓப்பனர்.
நாலு லிட்டர் கணக்கு இனி மூன்று பேருக்கு இல்லை, நாலு பேருக்கு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போத்தல் மாற்றுகிறேன்.
பழைய தண்ணீர்
நடைபாதையில் பெயிண்ட் டப்பாவில் நிற்கும்
கறிவேப்பிலைக்கு.
இடுப்பளவு வந்துவிட்டது.
ஒன்றும் நடக்காத அரை வருஷங்களைக் குடித்துக் குடித்து
வளர்ந்த செடி அது.
தாளிக்கும்போது கிள்ளிக்கொள்கிறேன்.

ஓப்பனர் வாங்கியாயிற்று.
டார்ச்சுக்குப் பேட்டரி மட்டும்
இந்த மாதமும் மறந்துவிட்டது.