இடப்பக்கம் பாரிஸ்

மேசை முழுக்க வரைபடம்.
மடிப்பு கிழிந்த இடத்தில் அமியான் நகரம் இல்லை,
போன வருடம் டேப் ஒட்டியபோது அதனோடு போயிற்று.
பாரிஸ் மேல் காபிக் கோப்பையை வைக்கிறேன்.
சரியாக மூடுகிறது.

ரூலான்ட், எழுதிக்கொள்:
நீளம் ஏழு மீட்டர் பத்து,
பின்னால் சைக்கிள்கள் தொங்கினால் எட்டு.
உயரம் மூன்று மீட்டர் எட்டு சென்டி.
எடையை விடு.
அந்த வார்ப்பிரும்புச் சட்டி வரத்தான் போகிறது என்றால்
எடை பற்றி நான் எதற்குக் கணக்குப் போட?

வழிகாட்டும் கருவிக்கு ஒரே பதில்தான் தெரியும்:
நேராக உள்ளே போ, வெளியே வா,
நாற்பது நிமிடம் மிச்சம்.
மிச்சமான அந்த நாற்பது நிமிடத்தை
இதுவரை யாரும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

ஆகவே பென்சில்.
பொப்பரிங்கேயிலிருந்து அப்வில்,
அப்வில்லிலிருந்து ரூவான்,
பிறகு எவ்ரோ, த்ரோ, ஷார்த்ர்,
கோதுமை வயல்களின் நடுவே ஆர்லயான் வரை.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாயே என்கிறான்
போனில் என் தம்பி யோரிஸ்.
மூக்கு எங்களுடையதுதானே,
எப்போது தொட்டால் என்ன?

ஊர்சுற்றிகள் என்று தெருவில் நமக்குப் பெயர்.
பொருத்தமான பெயர்.
ஊரைச் சுற்றித்தான் போகிறோம்,
ஒருபோதும் ஊருக்குள் இல்லை.

காரணம் கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
எனக்குப் பயம் என்று.
மெக்கானிக்கிடம், பக்கத்து வீட்டு மார்லீனிடம்,
உன் அக்காவிடம்கூட.
எல்லோரும் உடனே நம்பினார்கள்.
அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

இரண்டு செப்டம்பருக்கு முன்பு
அந்த வட்டச்சாலை.
வலப்புறமிருந்து நுழைகிறவனுக்கு
வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.
ஒருவனுக்கு விட்டாய்.
அடுத்தவனுக்கு விட்டாய்.
அதற்கடுத்தவனுக்கும் விட்டு
அப்படியே நின்றுபோனாய்.
பின்னால் அத்தனை ஹார்ன்.
என் பக்கத்துக் கண்ணாடி ஒரு லாரியோடு போனது.
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கைகள்
ஸ்டியரிங்கை விட்டு இறங்கி
உன் மடியில் கிடந்தன,
யாரோ ரயிலில் மறந்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி.
அதைப் பற்றி அப்புறம் நாம் பேசவே இல்லை.
புதுக் கண்ணாடியின் விலையைப் பற்றி நிறையப் பேசினோம்.

ஒன்று மட்டும் பென்சிலுக்கு அடங்கவில்லை:
செயின் நதி.
எங்கே சுற்றினாலும் ஓரிடத்தில் கடந்தாக வேண்டும்.
ரூவானில் பாலத்தின் மேல் ஏறும்போது கீழே பார்த்தேன்.
நாம் போக மறுத்த ஊரின் நடுவே புகுந்து
அத்தனை பாலங்களுக்கும் குனிந்து
அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது,
முதுகில் ஒரு மணல் படகோடு.
அழுக்குத் தண்ணீர் என்றாய்.
வேகத்தைக் குறைத்தாய், பார்ப்பதற்கு.

ஷார்த்ருக்கு முன்னால் ஒரு ரவுண்டானா.
பாரிஸ் 84 என்றது பலகை.
இடது விளக்கைப் போட்டாய்.
டிக் டிக் டிக்.
என் மடியில் வரைபடம், அதில் கோப்பையின் பழுப்பு வளையம்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
ஒரு டிராக்டரை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.
ஒரு சுற்று முழுக்கச் சுற்றினோம்,
பிறகு இன்னொன்று.
டிக் சத்தம் நின்றது.
வண்டி தெற்கே போனது.

இரவு, தானியக் கிடங்கின் பின்னால்
ஊராட்சி ஒதுக்கிய இடம்.
தண்ணீர் நூறு லிட்டர் இரண்டு யூரோ.
கழிவுப் பெட்டியைக் கொட்டப் போனவன்
திரும்ப வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன்.
வடகிழக்கில் வானத்தின் ஓரம் மட்டும்
அடுப்பு அணைக்க மறந்த வீடு போல் சிவந்திருந்தது.
காலிப் பெட்டியும் கையுமாக
நீ அதைப் பார்த்து நின்றாய்.

படியேறி வந்து கேட்டாய்:
உன் பயம் இப்போது எப்படி இருக்கிறது?
பரவாயில்லை என்றேன். கொஞ்சம் தேவலை.
அப்படியா என்று கை கழுவப் போனாய்.
சோப்பு தீர்ந்திருந்தது.
நாளை ஆர்லயானில் வாங்க வேண்டும்,
ஊருக்கு வெளியே
ஏதாவது ஒரு கடையில்.