பதினேழு வளைவுகள்

ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
எங்கள் பள்ளத்தாக்குச் சாலையை
காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை
சிவப்பு வெள்ளைக் கட்டை போட்டு அடைத்துவிடுகிறார்கள்.
சைக்கிளுக்கு மட்டும் வழி.
ஜெர்மனியில் லாரிக்கு எந்த ஞாயிறும் ஓட்டமில்லை,
ஆகவே எனக்கு நஷ்டமில்லை.
பத்தொன்பது வருஷமாக
அந்த நாளைத் தூங்கித்தான் கழித்தேன்.

இந்த முறை இர்மேலா விடவில்லை.
மகன் விட்டுப்போன சைக்கிளுக்குக் காற்றடித்து
வாசலில் நிறுத்திவிட்டு
"சாலைதான் உனக்கு மனப்பாடமாச்சே" என்றாள்.

மனப்பாடம்தான்.
கறுங்காட்டின் இந்தப் பக்கத்தில்
என்னைவிட இதை அறிந்தவன் எவன்?
வளைவுகள் பதினேழு.
மர ஆலை தாண்டியதும் கியரைக் குறைக்க வேண்டும்,
மாதா குருசடி அருகே இன்னொன்று.
உச்சிக்குப் பதினொரு நிமிஷம்,
ரேடியோவில் மூன்று பாட்டு.

எட்டாவது வளைவில் இறங்கிவிட்டேன்.
நெஞ்சு கொல்லன் துருத்தி.
இர்மேலா கண்ணுக்கெட்டாத தூரத்தில்.
பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையோடு
ஒருத்தி என்னைக் கடந்தாள்.
பேக்கரிக்கார வெண்டெலின், எழுபத்தொரு வயது,
மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார்:
"லாரியை எங்கே விட்டாய், கொன்ராடின்?"

பதில் இருந்தது, மூச்சு இல்லை.
தடுப்புக் கம்பியில் சாய்ந்தேன்.

அப்போது கேட்டது தண்ணீர்.
என் காலடியில், தாருக்கும் கீழே,
ஒரு குழாய்க்குள் புகுந்து
மறுபக்கம் விழுகிற ஓடை.
நாளுக்கு நான்கு தடவை
இதன் தலைமேல் ஏறிப் போயிருக்கிறேன்.
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பிசின் வாசனை எனக்குப் புதிதா?
சட்டை, சாப்பாட்டு டப்பா, தலையணை வரைக்கும் அதுதான்.
ஆனால் அது வெட்டுப்பட்ட மரத்தின் வாசனை.
நிற்கிற மரத்துக்கு வேறு வாசனை,
கொஞ்சம் காளான், கொஞ்சம் இரும்பு,
இன்னும் ஏதோ.
பெயர் வரவில்லை எனக்கு.

பன்னிரண்டாவது வளைவில்
இறக்கத்தில் வந்த ஒரு சிறுமி விழுந்து கிடந்தாள்.
முழங்காலில் ரத்தம். அழவில்லை, கோபப்பட்டாள்.
சக்கரத்தை வழுக்கிவிட்டது ஒரு மரப்பட்டை,
என் கை நீளம், ஸ்ப்ரூஸ்.
வெள்ளிக்கிழமைச் சுமை.
பட்டைவார் தளர்ந்திருந்தது அன்றைக்கு,
இறங்கிப் பார்க்கச் சோம்பல்.

"யார் போட்டது இதை?" என்றாள்.
காற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
"நான்தான்."
என்னையும், குட்டைச் சைக்கிளையும்,
மேலும் கீழும் பார்த்தாள்.
நம்பவே இல்லை.

அதற்குப் பிறகு ஏறியது நடந்துதான்.
சாலையின் ஓரமெல்லாம் பட்டைகள்,
சில என்னுடையவை,
சில வேறு எவனுடையவோ.
பார்த்துப் பிரிக்க நேரமில்லை.
முன்கூடை நிறைந்தது, கக்கத்திலும் இடுக்கிக்கொண்டேன்.

உச்சியில் உருளைக்கிழங்கு சாலட்டில் முக்கால்வாசி தீர்த்திருந்தாள் இர்மேலா.
"சைக்கிள் விடச் சொன்னால்
விறகு பொறுக்கி வந்திருக்கிறாயே" என்றாள்.

இறங்கும்போது பேசவில்லை இருவரும்.
பதினேழும் ஒரே மூச்சில் அவிழ்ந்தன.
ஆறு மணிக்குக் கட்டையைத் தூக்கினார்கள்.
காத்திருந்த முதல் கார், வெள்ளி நிறம்,
விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனது.
குழந்தைகளை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டோம்
எல்லோரும், ஒரே நேரத்தில்,
யாரும் சொல்லாமலே.

திங்கள், விடிகாலை நாலரை.
வாரை இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன்.
எட்டாவது வளைவுக்கு முன்
ரேடியோவை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன்.
கேட்கவில்லை.
நாற்பது டன் உறுமலில் என்ன கேட்கும்?
கியர் மாற்ற கிளட்சை மிதித்தேன்.
தொடை சுரீரென்றது,
இங்கேதான்.