தப்பிய தையல்

லைங்தயா சட்டைக் கம்பெனியில்
ஏழாவது வரிசை, பதினாலாவது மெஷின்.
காலர் மட்டும் தைப்பேன், நாளைக்கு அறுநூறு.
போன தையில் ஒரு மத்தியானம்
ஊசி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க
நெஞ்சுக்குள் ஒரு தையல் விட்டது.
பிறகு விட்டதைப் பிடிக்க ஒரே ஓட்டம்.
எண்ணிப் பார்த்தேன். எண்கள் பின்தங்கின.
பக்கத்து மெஷின் மா ஏ ப்யூ
என் முதுகில் காதை வைத்தாள்.
"உள்ளே யாரோ படியிறங்கி ஓடுறாங்க" என்றாள்.

முதல் டாக்டர் வாயு என்றார். பருப்பைக் குறை.
இரண்டாமவர் இரும்பு மாத்திரை தந்தார்.
மூன்று மாதம் நாக்கில் துருவின் ருசி.
மூன்றாமவர் சிரித்தார்.
பர்மியத்தில் நெஞ்சு துள்ளுவதற்கும்
ஒருவன்மேல் ஆசைப்படுவதற்கும்
ஒரே சொல்: யின் கொன்.
"யார் அந்தப் பையன்?"
நாலாவது, பெண் டாக்டர். நம்பிப் போனேன்.
"இருபத்தாறா, இன்னும் கல்யாணம் ஆகலையா"
என்றபடி சீட்டில் எதையோ கிறுக்கினார்.
மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னார்:
தூக்க மாத்திரை.

போன இடமெல்லாம் ஈசிஜி.
குளிர்ந்த களிம்பு, கவ்விகள், மூச்சை விடு.
அப்போது மட்டும் அது
இன்ஸ்பெக்டர் வந்த நாளின் பள்ளிப் பிள்ளைபோல்
கைகட்டி உட்கார்ந்திருக்கும்.
நார்மல், நார்மல்.
தாள்கள் சுருண்டு சுருண்டு டிபன் பையை நிறைத்தன.
அம்மா பீலிக்கான் கோயிலுக்குத் தீமிதி நேர்ந்தாள்.
நேர்ந்தது அவள்,
மிதிக்க வேண்டிய கால் என்னுடையது.

மெஷின் தையல் விட்டால்
மெக்கானிக் கோ தெய்ன் வருவான்.
குனிந்து கேட்பான், ஊசியைக் கழற்றுவான்,
முனையை நகத்தில் உரசிப் பார்ப்பான்.
மெஷினுக்குக் கவலை அதிகம் என்று
இதுவரை அவன் சொன்னதில்லை.

ஐந்தாவதாகப் பெரியாஸ்பத்திரி.
"மா தந்தா" என்று கூப்பிட்டார்கள்.
தந்தா என்றால் பவளம்.
வீட்டுப் பேரும் சீட்டுப் பேரும் ஒன்றேதான்,
இருந்தும் எழுந்திருக்க ஒரு கணம் பிடிக்கும்.
இடுப்பில் ஒரு பெட்டி, மார்பில் ஐந்து ஒயர்.
ஒரு பகல், ஒரு ராத்திரி. நாலு நாள் சம்பளம்.
நடப்பதையெல்லாம் எழுதச் சொல்லி ஒரு நோட்டு.

மதியம் 12.10. படுத்திருந்தேன். ஒன்றுமில்லை.
மாலை 5.30. குழாயடி, இரண்டு குடம். ஒன்றுமில்லை.
இரவு 9.00. கரண்ட் போனது. எனக்கு ஒன்றுமில்லை.
2.00. இதற்காகவே விழித்திருக்கிறேன். ஒன்றுமில்லை.
காலை 7.20. பஸ். நின்றபடி. ஒன்றுமில்லை.

பெட்டியைத் திருப்பித் தரப் போனேன்.
இருபது நிமிடம் மிச்சம்.
கரண்ட் இல்லை, அதனால் லிஃப்ட் இல்லை. ஐந்தாம் மாடி.
மூன்றாவது திருப்பத்தில்
வந்தது.

வெற்றிலை எச்சில் காய்ந்த படியில் உட்கார்ந்தேன்.
எட்டு மாதமாகப் போ போ என்று விரட்டியதிடம்
"இரு, போய்விடாதே,
வந்ததே வந்தாய் கொஞ்சம் இரு" என்றேன்.
கோணல் எழுத்தில்: 9.41. படி. வந்துவிட்டது.

"படியேறினால் யாருக்கும்தான் அடிக்கும்"
என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.
பழகிப்போயிருந்தது.
டாக்டர் தலையசைத்தார், இல்லையென்று.
"அது மெல்ல ஏறும். இங்கே பாருங்கள்,
இந்தத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஸ்விட்ச் போட்டதுபோல்.
நிமிஷத்துக்கு இருநூற்றுப் பதினாறு."
பேனாவால் வட்டம் போட்டார்.
உள்ளே உபரியாக ஒரு வழி இருக்கலாம்,
பிறவியிலிருந்தே, இன்னும் பார்க்கவேண்டும் என்றார்.
நோய் இருக்கிறது என்று சொன்னவருக்கு
இரண்டு கையும் கூப்பினேன்.

கீழே ஜெனரேட்டர் ஓடும் கடையில்
நாலு காப்பி எடுத்தேன்,
நாலு டாக்டருக்கும் கொடுக்க.
இன்னும் கொடுக்கவில்லை.
பஸ்ஸில் அந்தக் கோட்டை விரலால் தடவியபடியே
இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா தாளை மெழுகுவர்த்தி அருகே பிடித்து
மேலும் கீழும் பார்த்தாள்.
"இதுவா?"
"இதுதான்."
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, தாளை அதே மடிப்பில் மடித்தபடி:
"அப்போ தீமிதி?"