போய்வா

டொங்காட்டில் கரும்புக்குத் தீ வைக்கும் கடைசி வாரம்.
கொடியில் காயும் சட்டையிலும்
கணினியின் முகப்பு வலையிலும் ஒரே சாம்பல்.

குமேஷ்னியின் கல்யாண வீடியோ
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது, மூன்றாம் தடவை.
தொண்ணூற்றேழு டிகிரி காட்டிவிட்டுக்
கறுத்துப்போனது திரை.
மாப்பிள்ளை கையில் தாலி அப்படியே தொங்குகிறது.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.
முன்னால் மூன்று விசிறி, உள்ளே ஊதும்.
மேலே ரேடியேட்டர், அதன் இரண்டும் உள்ளே ஊதும்.
பின்னால் இருந்த ஒன்றையும் போன வருஷம்
நான்தான் திருப்பி வைத்தேன்,
காற்று கூட வந்தால் நல்லதுதானே என்று.

ஆறு பேர் வா வா என்கிறார்கள்.
போய்வா என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தேன்.
புகை உள்ளே போய்
கிராபிக்ஸ் கார்டின் மேல் உட்கார்ந்துகொண்டது,
பந்தி முடிந்தும் எழாத விருந்தாளியாக.

பன்னிரண்டு திருகாணி.
மேல் இரண்டையும் பின்னதையும் கவிழ்த்தேன்.
இப்போது புகை நூலாக எழுந்து
ரேடியேட்டரின் பற்களுக்கிடையே வெளியேறியது.
எழுபத்தொன்று.
எழுபத்தொன்று.
எழுபத்தாறு.

ஏன் ஏறுகிறது?

நிமிர்ந்து பார்த்தேன்:
திருடனுக்குப் போட்ட கம்பி, மூடிய சன்னல்,
சாம்பலுக்குப் பயந்து நான் ஒட்டிய டேப்.
பெட்டி வெளியே தள்ளியதை
அறை திரும்பவும் பெட்டிக்கே கொடுக்கிறது.
என் சட்டையும் முதுகோடு ஒட்டியிருக்கிறது.

டேப்பை உரித்தேன்.
சாம்பல் வந்தது. அதன் பின்னால்
கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்றும்.
அறுபத்தெட்டு.

திரையில் மூன்றாம் முடிச்சு விழும்போது
கீபோர்டின் மேல்
கறுப்பு அட்சதை.

நாளைக்கு வலையைக் கழுவ வேண்டும்.