டிகிரிக்கு ஒரு தினார்

அஹ்மதியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்
கம்ப்ரஸர் பிரிவு பெரெய்ரா.
சோபா போய்விட்டது, மீன்தொட்டி போய்விட்டது.
இஸ்திரிப் பலகையில் சாய்ந்தபடி
மிச்சம் இரண்டு கோல்ஃப் டிரைவர்கள்.

ஒன்பது டிகிரி கறுப்பு; முகம் பார்க்கலாம்.
பன்னிரண்டு, தலையில் கீறல்,
பிடியில் யாரோ சுற்றிய இன்சுலேஷன் டேப்.
கறுப்பு இருபத்தைந்து தினார், கீறல் பன்னிரண்டு.
"டிகிரிக்கு ஒன்று" என்று சிரித்தார்.

எனக்குக் கறுப்புதான் வேண்டியிருந்தது.
ஏழாம் நம்பர் இரும்பைத் தவிர
எதையும் வீசியறியாதவள் நான்,
அதிலும் பாதி வீச்சு மணலுக்கு.

மைதானத்துக்குப் போனோம்.
இங்கே புல் கிடையாது.
சாப்பாட்டுத் தட்டளவு பச்சைப் பாயை
நாமே சுமந்துபோய் விரிக்க வேண்டும்,
அதன்மேல் ரப்பர் டீ, அதன்மேல் பந்து.

கறுப்பு: தரையோடு ஓடி
வேலியோரப் பைப்பில் முட்டியது.
மறுபடி கறுப்பு. மறுபடி பைப்.
தோளை இறக்கச் சொன்னார். இறக்கினேன்.
பைப்.

கீறல்:
அலுமினியச் சட்டி விழுந்த சத்தம்.
பந்தைக் காணோம்.
மணலில் தேடிக்கொண்டிருந்தேன்,
அவர் மேலே கைகாட்டினார்.
புழுதி வானத்தில் ஒரு வெண்கடுகு,
இறங்க அவசரமே இல்லாமல்.

எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றவில்லை.
கறுப்பை ஒருமுறை தடவிவிட்டு
பன்னிரண்டை எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி போனில் தங்கையிடம் சொன்னேன்,
"டிரைவர் கிடைச்சாச்சு."
"மாசம் எவ்வளவு?"
"பன்னிரண்டு தினார்."
"அடேயப்பா, மலிவு. நேரா ஓட்டுவானா?"
"நேரா இல்லடி," என்றேன்,
"மேலே."